எண்பது மார்க் வாங்கியவள்

கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சோடாவின் வாய் ஆரம்பித்துவிட்டது.

"அண்ணி, உள்ள போனா ஒரு காபியாவது குடுப்பாங்களா? போன கேஸ்ல தண்ணிகூட இல்ல. கடைசியில குற்றவாளிதான் இரக்கப்பட்டு ஒரு பாட்டில் நீட்டினான்."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"அவன் தண்ணியில கலந்து குடுத்துத்தான் ரெண்டு பேரைக் கொன்னான், தம்பி."

"அதை நீங்க அப்புறம்தானே சொன்னீங்க!"

சோடா என்பது அவன் மூக்கின் மேல் தடித்துக் கிடந்த கண்ணாடியைப் பார்த்து ஊரார் வைத்த பெயர். அண்ணி நிஜமாகவே அவன் அண்ணனின் பெண்டாட்டி. பாதி ஆயுளைக் கம்பெனி கம்பெனியாகத் தணிக்கை செய்வதில் கழித்துவிட்டு, 'கணக்கைவிட மனுஷன்தான் அதிகமாப் பொய் சொல்றான்' என்று துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். வேலை போய் வீட்டில் சோபாவோடு சோபாவாகக் கிடந்த கொழுந்தனையும் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டாள். சம்பளம் கொஞ்சம், திட்டு நிறைய.

வாட்ச்மேன் ஒரு டேப்லட்டை நீட்டினார்.

"பாதுகாப்புப் படம், சார். வெளிநாட்டு ஹெட் ஆபீஸ் ரூல். பாத்துட்டு, கேள்விக்கெல்லாம் பதில் அமுக்கினாத்தான் பாஸ் வரும்." குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கிட்டு? குடுங்க, நானே அமுக்கிடறேன். இங்க வர்ற எல்லாருக்கும் அப்படித்தான்."

"இதுக்கு மேல கெட என்ன இருக்கு? அமுக்குங்க," என்றான் சோடா.

வாட்ச்மேனின் விரல் டப் டப்பென்று ஓடியது. படம் கால்வாசிகூட ஓடவில்லை, சோடாவுக்குப் பாஸ் வந்துவிட்டது. அண்ணி மட்டும் டேப்லட்டைக் கையில் வாங்கி, வெயிலில் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். ஒரு பொம்மை மனிதன் ஹெல்மெட் போட்டான், வழுக்கி விழுந்தான், எழுந்தான், இன்னும் என்னென்னவோ செய்தான். பேச்செல்லாம் ஹெட் ஆபீஸ் பாஷை. அண்ணிக்கு அது அரைகுறைதான்.

"அண்ணி, உள்ள ஒரு மனுஷன் செத்துப் போயிருக்கான். நீங்க கார்ட்டூன் பாத்துட்டு நிக்கிறீங்க."

"காசு குடுத்துப் பாக்கறதுதான் படம், சும்மா காட்டினா கசக்குதோ? வா."

கம்பெனி உறைய வைத்த மீனும் பட்டாணியும் விற்பது. பல நாடுகளில் கிளை. எந்தக் கிளையில் எந்தக் கதவு திறக்க வேண்டுமென்றாலும் கடல் தாண்டி இருக்கும் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் தலையாட்ட வேண்டும். அந்தக் கிளையின் உறைகிடங்கு ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் விறைத்துச் செத்துக் கிடந்தார். கதவைப் பூட்டியது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குச் சொன்னது யார் என்பதுதான் கேஸ்.

மாடியில் மீட்டிங் ரூம் வாசலிலேயே பெரிய கேடயமும் கண்ணாடி போட்ட பலகையும் மாட்டியிருந்தார்கள். பாதுகாப்புப் பரீட்சையில் எல்லா நாட்டுக் கிளைகளையும் தோற்கடித்து முதலிடம் பிடித்ததற்காக ஹெட் ஆபீஸ் அனுப்பிய பரிசு. ஊழியர்களின் போட்டோவும், அதற்குக் கீழே மார்க்கும். நூறு, நூறு, நூறு, மறுபடியும் நூறு. ஒரே ஒரு பெண்ணின் போட்டோவுக்குக் கீழே மட்டும் எண்பது.

"என் மார்க்குல பூஜ்யம் பின்னால வந்ததே இல்ல அண்ணி, முன்னாலதான் வரும்," என்றான் சோடா. அண்ணி அந்த எண்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். கிளை மேனேஜர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டாராம். நெஞ்சில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அது அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி.

மேஜையின் தலைமாட்டில் 'மண்டலம்' உட்கார்ந்திருந்தார். பல நாட்டுக் கிளைகளின் கம்ப்யூட்டர்களையும் சேர்த்து மேய்க்கிற மண்டல அதிகாரி, பதவியே பெயராகிவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்து விமானம் ஏறியவர். ஆள் இறங்கிவிட்டார், தலைக்கனம் இன்னும் இறங்கவில்லை.

அவருக்கு வலப்பக்கம் டைப்பிஸ்ட் அக்கா. டைப் மெஷினெல்லாம் போய் எத்தனையோ காலமாகியும் ஆபீஸ் அவளை அப்படித்தான் கூப்பிட்டது. செத்தவர் அவள் புருஷன். அண்ணியிடம் கேஸைக் கொடுத்ததும் அவள்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் முதுகு நிமிர்ந்திருந்தது.

எதிரே, நாற்காலியின் நுனியில், கம்ப்யூட்டர் பொறுப்பில் இருக்கும் இளம்பெண். எல்லோரும் அவளை 'சிஸ்டம்' என்றார்கள். பலகையில் எண்பது வாங்கிய முகம் இதுதான் என்று சோடா அடையாளம் கண்டுகொண்டான்.

"ரொம்ப சிம்பிள், மேடம்," என்று ஆரம்பித்தார் மண்டலம். "இங்க லீவு நாள், ஹெட் ஆபீஸ்ல வேலை நாள். கதவுங்களோட சாஃப்ட்வேரை எல்லாம் அப்டேட் பண்ணினோம். அந்த நேரம் எல்லாக் கிடங்கையும் பூட்டி வெக்கணும். பூட்டுன்னு உத்தரவு போனது இவங்க லாகின்ல இருந்து. உள்ள ஆள் இருக்கறது ஸ்கிரீன்லயே தெரியும். இவங்க பாக்கல. பூட்டிட்டாங்க."

"உள்ள எச்சரிக்கை மணி கிடையாதா?" என்று கேட்டாள் அண்ணி.

"இருக்கு. அது ஹெட் ஆபீஸ்ல அடிக்கும். அப்டேட் நடக்கும்போது சும்மா சும்மா அடிச்சுத் தொலைக்கும்னு அணைச்சு வெச்சிருந்தோம்."

"ஆக, மனுஷன் போட்ட கூச்சல் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தப்போ அங்க காதைப் பொத்திக்கிட்டு இருந்தாங்க," என்றான் சோடா.

மண்டலம் அவனை ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ரிப்போர்ட்ல 'பொறுப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு பேர் போட்டாத்தான் கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டை வாங்கும். சாயங்காலம் போலீஸ் வருது. இவங்க பேரைப் போட்டு ஒப்படைச்சுட்டா முடிஞ்சுது."

"ஒப்படைச்சா போதுமா?" டைப்பிஸ்ட் அக்கா மேஜையில் ஓங்கி அடித்தாள். "இவளைத் தூக்குல போடணும்! கார்டு வேலை செய்யலேன்னு அவர் நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டாரு, அந்தக் கறுவு. பழி தீத்துக்கிட்டேல்ல? உன் கை விளங்குமாடி? நீ நல்லா இருப்பியா?"

சிஸ்டம் தலையைத் தூக்கவில்லை. அவள் கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்ததை சோடா அப்போதுதான் கவனித்தான். இவர்கள் வருவதற்கு முன்பே ஒரு ஆட்டம் முடிந்திருந்தது.

டைப்பிஸ்ட் அக்கா அண்ணி பக்கம் திரும்பினாள். "அவருக்குக் கம்ப்யூட்டர்னாலே ஆகாது, மேடம். லீவு போடறதுல இருந்து அவர் லாகின்ல எல்லாம் நான்தான் போட்டுக் குடுப்பேன். ஹெட் ஆபீஸ் பாஷை இந்த ஆபீஸ்லயே சுத்தமாத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அன்னிக்கு லீவுன்னும் பாக்காம ஸ்டாக் எண்ணி அனுப்புன்னு மெயில் வந்தது. நான்தான் படிச்சுச் சொன்னேன். சாப்பாட்டை மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தேன், மேடம். ராத்திரி ஆச்சு, விடிஞ்சுது, அந்த மனுஷன் வரவே இல்ல."

"அந்தக் கிடங்கை நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்கு அங்க போறேன்? எனக்கு மாடியில வேலை. இனிமே பாக்கவும் தெம்பு இல்ல."

அண்ணி சிஸ்டத்தைக் கேட்டாள். "நீ ஏதாவது சொல்லணுமா?"

"பூட்டினது நான்தான், மேடம்." அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

சோடா குனிந்து முணுமுணுத்தான். "ஒத்துக்கிட்டா, அண்ணி. கேஸ் முடிஞ்சுது. காபி?"

"மண்டலம் சார், அந்தக் கிடங்கைக் காட்டுங்க," என்றாள் அண்ணி. "என் தம்பிக்கு ரொம்ப வேர்க்குது."

கிடங்கைத் திறந்து காட்ட வாட்ச்மேன் கார்டோடு வந்தார். மனுஷர் கேட்காமலே கதை சொல்கிற ரகம். "வேலை நாள்ல ரெண்டு பேராத்தான் வருவாங்க, மேடம். ஒருத்தர் வெளிய நிப்பார். இல்லேன்னா கதவுக்கு ஒரு பெட்டியை அண்டக் குடுத்துட்டுப் போவாங்க. கதவை மூடவே விட மாட்டாங்க. பழைய கதவுல உள்பக்கம் கைப்பிடி இருந்தது. இப்போ எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரின்னு புதுசு மாட்டிட்டாங்க, அதுல கைப்பிடி கிடையாது. அன்னிக்கு அண்டக் குடுத்த பெட்டி வழுக்கிடுச்சு போல. நசுங்கிக் கிடந்தது."

"நீங்க ரெண்டு பேரும் உள்ள போய், அவர் எந்த இடத்துல கிடந்தாருன்னு பாத்து வெச்சுக்கோங்க," என்றாள் அண்ணி.

சோடாவும் மண்டலமும் உள்ளே நாலு அடி வைத்தார்கள். பின்னால் தப்பென்று சத்தம் கேட்டது. சோடா திரும்பிப் பார்த்தான். கதவு மூடியிருந்தது.

"அண்ணி?" என்றான். பதில் இல்லை.

குளிர் முதலில் பல்லைப் பிடித்தது, அப்புறம் காதை. கண்ணாடியில் மூச்சு படிந்து உறைந்து, உலகமே வெள்ளையாகிவிட்டது. கதவைத் தடவினான். கைப்பிடி இல்லை, துவாரம் இல்லை, பொத்தான் இல்லை. வழுவழுவென்று ஒரு தகடு, அவ்வளவுதான். பழைய கதவில் கைப்பிடி இருந்திருக்கக்கூடிய உயரத்தில் மட்டும் பெயிண்ட் சுரண்டப்பட்டிருந்தது. விரல் வைத்துப் பார்த்தான். நகத்தால் சுரண்டிய தடம். அங்கேயே, அந்த ஒரே இடத்திலேயே, திரும்பத் திரும்பச் சுரண்டியிருந்தார் அந்த மனிதர்.

மண்டலம் போனை எடுத்தார், சிக்னல் இல்லை. "நான் யார் தெரியுமா? திறங்க!" என்று கதவிடம் கத்தினார். கதவுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் குத்தினார், தோளால் இடித்தார், கடைசியில் அம்மா என்றார்.

சோடாவுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எங்கேயோ மூடி வைத்திருந்த சாப்பாடு ஞாபகத்துக்கு வந்தது. அவனும் குத்த ஆரம்பித்தான்.

கதவு திறந்தது. வாட்ச்மேன் கார்டோடு நின்றார், பக்கத்தில் அண்ணி.

"ரெண்டு பேர் போனீங்களே, ஒருத்தருக்குக்கூடத் தெரியலையா?"

"உங்க மேல கேஸ் போடுவேன்!" மண்டலத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"தாராளமா. பாதுகாப்புப் பரீட்சையில உங்க மார்க் என்ன, சார்?"

"நூறு!"

"நீங்களே எழுதினீங்களா?"

மண்டலம் டையைச் சரி செய்துகொண்டார். "செகரட்டரி எழுதினா. எனக்கு நேரம் ஏது? எல்லா நாட்டுலயும் அப்படித்தான், மேடம். எந்தக் கிளையைப் பாத்தாலும் தொண்ணூறும் நூறுமா வருது. நாங்க என்ன முட்டாளா, அதை நம்பறதுக்கு? நூறுன்னு இருந்தா இன்ஷூரன்ஸ்காரன் வாயைத் திறக்க மாட்டான். அதுக்குத்தான் அந்தப் பரீட்சையே."

அண்ணி கிடங்குக்குள் போனாள். "மூடுங்க," என்று வாட்ச்மேனுக்குச் சைகை காட்டினாள். கதவு மூடியது. சோடா பதறிப்போய்க் கார்டுக்குக் கை நீட்டுவதற்குள், உள்ளிருந்து கடக்கென்று ஒரு சத்தம். கதவு தானாகத் திறந்தது. புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டே அண்ணி வெளியே வந்தாள்.

கதவுக்கு வலப்பக்கம், தரையோடு ஒட்டியபடி ஒரு தட்டு. மேலே மூடியிருந்த பனியை அவள் செருப்பால் வழித்திருந்தாள். அடியில் பச்சை பளிச்சென்று தெரிந்தது.

"கேட்டுல பாத்த படத்துல அந்தப் பொம்மைக்காரன் மிதிச்சான். நானும் மிதிச்சேன்," என்றாள் அண்ணி. "வெறும் கம்பியும் ஸ்பிரிங்கும். எந்த நாட்டுக் கம்ப்யூட்டராலயும் இதைப் பூட்ட முடியாது. வெளிய இருந்து கார்டு போட்டுத் திறக்கறதை மட்டும்தான் அந்தப் பொண்ணு நிறுத்தினா."

சோடா குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தான். "அப்போ அந்த மனுஷன்?"

"திறக்கற கதவுக்கு முன்னாடி நின்னு செத்திருக்கான், தம்பி. திறக்கத் தெரியல."

திரும்ப மாடி ஏறினார்கள். அண்ணி மீட்டிங் ரூம் வாசலில் நின்று, பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய், மேஜைமேல் வைத்தாள்.

"எல்லாருக்கும் நூறு. உனக்கு மட்டும் ஏன் எண்பது?" என்று சிஸ்டத்தைக் கேட்டாள்.

"ரெண்டு கேள்வி தப்பாயிடுச்சு, மேடம்."

"எழுதினாத்தானே தப்பு வரும். நூறு வாங்கினவங்க ஒருத்தருமே எழுதல. நீ மட்டும் நீயே எழுதியிருக்கே. அப்போ அந்தக் கதவைப் பத்தி உனக்குத் தெரியும். மத்தவங்க பரீட்சையெல்லாம் எந்த மெஷின்ல இருந்து போச்சுன்னும் தெரியும். உன் வேலையே அதுதானே. அப்புறம் ஏன் அறை வாங்கிட்டு வாயை மூடிட்டு உக்காந்திருக்கே?"

பெண்ணின் முகம் வெளிறியது. அவ்வளவு நேரம் சிந்தாத கண்ணீர் அப்போதுதான் வந்தது. "மேடம், வேணாம். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். பூட்டினது நான்தான்னு சொல்லிட்டேனே. அதோட விட்டுடுங்க."

"பாத்தீங்களா திருட்டு முழியை?" டைப்பிஸ்ட் அக்கா எழுந்தே விட்டாள். "விடாதீங்க மேடம், தோண்டுங்க. இவ என்னத்தையோ மறைக்கிறா!"

"மறைக்கத்தான் செய்யறா," என்றாள் அண்ணி. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. உறைகிடங்குக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டா முதல்ல என்ன செய்யணும்?"

டைப்பிஸ்ட் அக்கா யோசிக்கக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் வந்தது. "பதட்டப்படக் கூடாது. கதவுக்கு வலப்பக்கம் தரையோட இருக்கற பச்சைத் தட்டை மிதிக்கணும். மூணாவது கேள்வி. எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன், எனக்கா தெரி..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அவள் பலகையைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் புருஷனின் போட்டோ, அதற்குக் கீழே நூறு.

"பச்சைத் தட்டு," என்றாள் மெதுவாக. "அது அந்தக் கதவா? நிஜமா அங்க இருக்கா?"

"இருக்கு," என்றாள் அண்ணி.

"மிதிச்சா திறக்குதா?"

"திறக்குது."

டைப்பிஸ்ட் அக்கா உட்கார்ந்தாள். சோடா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த அண்ணிக்கு இதயம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை அந்த இடத்திலும் ஒரு கால்குலேட்டர்தானா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"அவரு உக்காந்து எழுதறேன்னுதான் சொன்னாரு," டைப்பிஸ்ட் அக்கா யாரிடமும் இல்லாமல் பேசினாள். "அன்னிக்கு அவருக்கு ஜலதோஷம். படம் பாக்கணும்னா அந்த ஏ.சி. ரூம்ல உக்காரணும். 'உங்களுக்குக் குளிர் ஆகாதுங்க, நீங்க போங்க, நான் எழுதிக்கறேன்'னேன். நான்தான் போகச் சொன்னேன்."

மண்டலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். "ரொம்ப வருத்தமா இருக்கு. அப்போ பொறுப்புக் கட்டத்துல இவங்க பேர்தான் வரும். ஆள் மாறாட்டம் பண்ணிப் பரீட்சை எழுதினது..."

"போடுங்க," என்றாள் அண்ணி. "கீழயே உங்களுக்குப் பரீட்சை எழுதின செகரட்டரி பேரையும் போட்டுடுங்க. நீங்க உள்ள அம்மான்னு கத்தினதுக்கு என் தம்பி சாட்சி."

மண்டலத்தின் விரல் நின்றது. அப்புறம் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"எதுக்கு இவ்ளோ வம்பு? எல்லாருமே தப்பிக்க ஒரு வழி இருக்கு. இறந்தவர் முழுப் பயிற்சி எடுத்தவர். நூத்துக்கு நூறு. தெரிஞ்சும் அஜாக்கிரதையா இருந்துட்டார். பொறுப்பு, அவரேதான். இந்தப் பொண்ணும் இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா பழைய ரிப்போர்ட்டே போகட்டும், போலீஸ் வந்து இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகட்டும்."

"இதைக் கோர்ட்டுல வெச்சுக் கிழிக்கலாம்," என்றாள் அண்ணி, டைப்பிஸ்ட் அக்காவைப் பார்த்து.

"கிழிச்சா உள்ள இருந்து என்ன மேடம் வரும்? நான் எழுதினதுதானே வரும்."

மண்டலம் லேப்டாப்பை அவள் முன்னால் தள்ளினார். "ஹெட் ஆபீஸ் பாஷையில பிழையில்லாம எழுதறது நீங்கதானே. நாலே வரி."

சிஸ்டம் ஓடி வந்து லேப்டாப்பை மூடப் பார்த்தாள். "அக்கா, எழுதாதீங்க. நான் போறேன், பரவாயில்ல. அவர் பேரை எழுதாதீங்க."

டைப்பிஸ்ட் அக்கா அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். பெண்ணின் கன்னத்தில் பதிந்திருந்த தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நகரு," என்று மட்டும் சொன்னாள். பிறகு டைப் அடிக்க ஆரம்பித்தாள். பழகிய கை, கீழே பார்க்காமலே ஓடியது.

வராந்தாவில் சிஸ்டம் பின்னாலேயே வந்து அண்ணியை மறித்தாள்.

"உங்களை யார் என்னைக் காப்பாத்தச் சொன்னது? ஜெயிலுக்குப் போயிருப்பேன், ஒரு நாள் வெளிய வந்திருப்பேன். அவங்க இதுல இருந்து எப்போ மேடம் வெளிய வருவாங்க?"

அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், படியிறங்கினாள்.

"அந்தம்மாகிட்ட தனியா சொல்லியிருக்கலாம், அண்ணி," என்றான் சோடா, பாதிப் படியில்.

"யார் கொன்னதுன்னு கண்டுபிடின்னு கேட்டுக்கிட்டு வந்தவ அவ, தம்பி."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நட."

கேட்டில் வாட்ச்மேன் டேப்லட்டோடு எழுந்து வந்தார். "வெளிய போறதுக்கும் ரெண்டு கேள்வி இருக்கு, சார். குடுங்க, நானே அமுக்கிடறேன்."

சோடா அதை வெடுக்கென்று பிடுங்கினான். வெயிலில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தான். பாஷை புரியவில்லை. ஆனாலும் பார்த்தான். அண்ணி அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றாள்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "மேடம், மேல டைப்பிஸ்ட் அக்கா சும்மா இருக்காங்களா? பாவம், இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். புதுசா ஒரு பரீட்சை வந்திருக்கு. என்னோடதையும் அவங்கதான் எழுதிக் குடுக்கணும்."

"இல்ல," என்றாள் அண்ணி. "அவங்க புருஷனோடதை எழுதிட்டு இருக்காங்க."